எருக்கு நட்ட வீடு

ஓடைக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு; கொல்லை என்போம். பாகூர் ஏரித் தண்ணீர் அதை எட்டிப் பார்த்ததில்லை. இந்தப் பக்கம் நெல்லும் கரும்பும் தளதளவென்று நிற்கும்போது, அந்தப் பக்கம் சரளையும் முள்ளுமாகக் கிடக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் துண்டோடு என் வீட்டுக்காரர் மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லாட்டை போட்டார், கடலை பிடித்ததும் பன்றிகள் வந்து கிளறித் தின்றுவிட்டுப் போயின. உளுந்து விதைத்தார், ஊர் ஆடுகள் ஒன்று விடாமல் வந்து விருந்து சாப்பிட்டன. சோளம் போட்ட வருடம் மயில்கள். வேலி போட்டார்; வேலிக் கம்பியே காணாமல் போனது.

ஒரு நாள் சாயங்காலம் ஓடையைத் தாண்டி வந்தவர், கால் கழுவக்கூட இல்லாமல் வாசற்படியில் உட்கார்ந்தார்.

“இந்த ஊரு ஆடு மாடு வாயி வைக்காத செடி ஒண்ணே ஒண்ணுதான்டி. எருக்கு. அத வேணா நட்டுட்டுக் கம்முனு ஒக்காந்துக்கலாம்.”

“அப்ப அதயே நட்டுடலாம் மாமா,” என்றேன்.

அவர் என் அத்தை மகன். சிறுமியாக இருந்தபோதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவேன். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேனா, நிஜமாகச் சொல்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அன்றைக்குப் பார்த்துவிட்டு, “மெய்யாலுமே சொல்றியா?” என்றார்.

மெய்யாகத்தான் சொன்னேன். அந்த ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். சாலையை அகலப்படுத்தியவர்கள் ஓரத்திலிருந்த எருக்கையெல்லாம் வாரிப் போட்டிருந்தார்கள். அதுவுமில்லாமல் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். எங்கோ ஒரு ஊரில் எருக்கங்குச்சியை உரித்து வெள்ளை வெளேரென்று நார் எடுக்கிறார்கள். அதைப் பட்டு மாதிரி விரலில் சுற்றிக் காட்டுகிறார்கள். பூ ஒன்று, நார் ஒன்று. ஆடு தின்னாது. தண்ணீர் கேட்காது. வருடம் பூராவும் பச்சையாக நிற்கும். வேறென்ன வேண்டும்?

அத்தை வேண்டாம் என்றார். அத்தை என்றால் அவருடைய அம்மா, என் அப்பாவோடு கூடப் பிறந்தவர். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

“ஊர்ல ஒருத்தன் குடும்பத்த சபிக்கணும்னா இன்னா சொல்லுவான்? ஒன் வூட்ல எருக்கு மொளைக்கன்னு சொல்லுவான். எவனும் சபிக்க வேணாம், நானே நட்டுக்கறேன்னு நிக்கிறாளே எந்தம்பி பெத்த மவ!”

“வூட்ல நடல அத்த. கொல்லையில நடறோம்.”

“கொல்லையில மொளச்சா வூட்டுக்கு வர வழி தெரியாதா அதுக்கு?”

“வெள்ளெருக்கு பிள்ளையாருக்கு ஆவுமே அத்த.”

அத்தை கொஞ்சம் யோசித்தார். பிள்ளையார் விஷயத்தில் அவர் ஜாக்கிரதையானவர். “அப்ப வெள்ளையே நடுங்க. ஊதா வேணாம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நாங்கள் இரண்டையும் நட்டோம்.

மழைக்கு முன்னால் குச்சி சேர்க்க அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் கிளம்பினோம். மொபெட்டை அவர் ஓட்ட, பின்னால் நான் எருக்கங்குச்சிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெட்டியவுடன் பால் வடியும். ஒரு நாள் நிழலில் போட்டு வெட்டுவாயை உலர விட்டுத்தான் நட வேண்டும். வழியில் பார்த்தவர்களெல்லாம் நிறுத்தி விசாரித்தார்கள். “இன்னாண்ணே, எந்த வூட்டுக்கு சீரு எடுத்துக்கினு போற?” என்று டீக்கடைக்காரர் கேட்டார். “எங்கூட்டுக்குத்தான்,” என்றார் இவர், சிரிக்காமல்.

குச்சிகளில் பாதிக்கு மேல் துளிர்த்தன. ஆடுகள் வழக்கம்போல ஓடை தாண்டி வந்தன. அன்றைக்கு நாங்கள் இருவரும் வரப்பில் உட்கார்ந்து பார்த்தோம். முதலில் வந்த கிடா ஒரு இலையை முகர்ந்தது. தலையைச் சிலுப்பிக்கொண்டு எங்களை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மொத்தக் கூட்டமும் திரும்பிப் போனது.

“பாத்தியா, பாத்தியா, மூஞ்சிய திருப்பிக்கிச்சி பாத்தியா!” என்று இவர் என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நிலத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆடு விட்டதைப் புழு விடவில்லை. மறுவருடம் செடிகள் இடுப்பளவு வளர்ந்திருந்தபோது, கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரி போட்ட புழுக்கள் இலை இலையாகத் தின்றன. இவர் மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு போனார். பின்னாலேயே நான் ஓடினேன், பூவில் மருந்து பட்டால் சாமிக்கு எப்படிப் போடுவது என்று. போய்ப் பார்த்தால் டேங்க் வரப்பில் இருக்கிறது. இவர் குனிந்து ஒரு இலையின் அடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இளம்பச்சை மணி மாதிரி ஒரு கூடு தொங்கியது. அது மெல்ல அசைந்து பிளந்தது. ஈரச் சிறகோடு ஒரு ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி வெளியே வந்து, இலையைப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் சிறகை உலர்த்தியது.

“இது பறக்கட்டும், அப்புறம் அடிச்சிக்கலாம்,” என்று கிசுகிசுத்தார்.

அது பறந்தது. பக்கத்துச் செடியில் இன்னொன்று பிளக்கத் தயாராக இருந்தது. மருந்து அடிக்கப்படவேயில்லை. தின்ற இலைக்கு மேல் செடி புது இலை விட்டுக்கொண்டது. அதற்கப்புறம் காலையில் டீத் தம்ளரோடு ஓடை தாண்டிப் போய்விடுவார். கரும்புக்கு மோட்டார் போட நேரமாகிறது என்று நான் இந்தக் கரையிலிருந்து கத்தினால், ஆரஞ்சுப் பூச்சிகளுக்கு நடுவிலிருந்து கையை மட்டும் உயர்த்துவார்.

சதுர்த்திக்கு வெள்ளெருக்கு பூத்துக் குலுங்கியது. நான் மாலை கட்ட உட்கார்ந்தேன். அத்தை தூரத்திலிருந்து பார்த்தார். கொஞ்சம் கிட்டே வந்து பார்த்தார். கடைசியில், “இன்னாடி கட்டற, பிள்ளையாரு கழுத்துல போடறதுக்குள்ள உதிர்ந்துடும்,” என்று நூலைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பூவின் நடுவிலிருக்கும் கிரீடத்தை மட்டும் பிரித்து, ஒன்றோடொன்று நெருக்கிக் கோத்து அவர் கட்டிய மாலை, யானைத் தந்தத்தில் செதுக்கியது போல இருந்தது. தெருவில் எல்லா வீட்டுக்கும் அந்த வருடம் எங்கள் கொல்லைப் பூதான். ஊதாவையும் சேர்த்துக் கட்டினார், வெள்ளை போதவில்லையாம்.

கோடையில்தான் வம்பு வந்தது. கிளிமூக்கு மாங்காய் மாதிரி தொங்கிய காய்களெல்லாம் வெயிலில் வெடித்தன. காற்று ஊர்ப் பக்கம் அடித்தது. பஞ்சு முளைத்த விதைகள் ஓடை தாண்டி, வயல் தாண்டி, தெருவுக்குள் நுழைந்தன. பிள்ளைகள் “தாத்தாப்பூச்சி, தாத்தாப்பூச்சி” என்று துரத்திக்கொண்டு ஓடினார்கள். அத்தை துடைப்பத்தோடு வாசலில் நின்று, ஒவ்வொரு விதையாக அடித்து விரட்டினார். “மொளைக்கப் போவுது, மொளைக்கப் போவுது! ஒங்க வூட்டப் பாத்து மூடிக்குங்கடி!” என்று எதிர்வீட்டுக்கும் எச்சரிக்கை. அடிக்க அடிக்க அது மேலே எழும்பி அவர் தலைமேலேயே போய் உட்கார்ந்தது. மறுவருடத்திலிருந்து காய் வெடிக்கும் முன்பே பறித்து, பழைய வேட்டியில் கட்டிப் போட்டு, பஞ்சைப் பிரித்துத் தலையணை செய்தோம். இலவம் பஞ்சைவிட மெத்தென்று இருந்தது. முதல் தலையணையை அத்தை எடுத்துக்கொண்டார். எதில் செய்தது என்று நாங்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருக்கும்.

நாருக்கு வருகிறேன். எங்களுக்கு அது லேசில் வசப்படவில்லை. முதல் தடவை வெட்டிய குச்சிகள் கோணலும் கிளையுமாக இருந்தன. நார் சாண் நீளத்துக்குமேல் வரவில்லை. கோபத்தில் இவர் ஒரு வரிசையை அடியோடு வெட்டிப் போட்டார். வெட்டிய கட்டையிலிருந்து மழைக்குப் பிறகு நேர்நேராகக் குச்சிகள் ஆளுயரத்துக்கு எழும்பின. அதைப் பார்த்துவிட்டு எல்லா வரிசையையும் அப்படியே வெட்டினோம். அதற்கப்புறம் நீள நீளமான குச்சிகள் கிடைத்தன. பால் வற்றும்வரை வெயிலில் போட்டு, கட்டையால் லேசாகத் தட்டி, பட்டையைப் பிரித்தால், உட்பக்கத்தில் அந்த வெள்ளை நார் ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டால் பட்டையோடு போய்விடும். மெல்ல, தலை வகிடெடுப்பது போல எடுக்க வேண்டும்.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இவர் விவசாயத்தோடு ஊருக்கு மோட்டார் ரிப்பேரும் பார்ப்பவர் என்பதால் வீட்டில் வெல்டிங் கண்ணாடிகள் இருந்தன. இருவரும் அதை மாட்டிக்கொண்டு வேப்ப மரத்தடியில் நார் உரித்தோம். கண்ணுக்குக் கண்ணாடி போட்டவர் மீசைக்கு எதுவும் போடவில்லை. யோசனை வந்தால் மீசையை முறுக்குவது அவர் வழக்கம். சரியாகக் காயாத குச்சியின் பால் விரலில் இருந்திருக்கிறது. முறுக்கி முறுக்கி, சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் கவனித்தார்: ஒரு பக்க மீசை வானத்தைப் பார்த்தபடி ரப்பராகிவிட்டது. அத்தை தேங்காய் எண்ணெய் தடவினார். விளக்கெண்ணெய் தடவினார். அது மேலும் மினுமினுத்ததே தவிர இறங்கவில்லை. கடைசியில் கத்திரிக்கோலை அவரே எடுத்துவந்தார்.

“எருக்கு நட்டா வூடு மொட்டையாவும்னு நெனச்சேன். மூஞ்சிதான் மொட்டையாச்சி,” என்று சொல்லிவிட்டு அத்தை சிரித்தார் பாருங்கள். மூக்கில் நீர் வரச் சிரித்தார். இரண்டு பக்கத்தையும் எடுத்த பிறகு, மீசையில்லாத மகனைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

முதலில் திரித்த கயிற்றைக் கன்றுக்குட்டிக்குக் கட்டினோம். அது என்ன இழுத்தும் அறுக்க முடியவில்லை. இவருக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் போய்ப் பேசாமல் இருப்பாரா?

அந்த வருடம் பொங்கலில் ஊர் இளைஞர் மன்றம் நடத்திய கயிறு இழுக்கும் போட்டி பாதியில் நின்றுபோயிருந்தது. பழைய தேங்காய்நார்க் கயிறு நடுவில் அறுந்து, இரண்டு பக்கத்து ஆண்களும் மல்லாந்து விழுந்தார்கள். அதற்கு முந்தின வருடம் நைலான் கயிறு. எல்லோர் உள்ளங்கையும் தோலுரிந்து போனது. அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது இவர், “அடுத்த பொங்கலுக்கு எங்க எருக்கங்கயிறு வரும். அது அறுந்தா எம் மீசைய எடுத்துக்கறேன்,” என்றிருக்கிறார்.

“அதான் எடுத்தாச்சே,” என்றாராம் டீக்கடைக்காரர்.

சொல்லிவிட்டார். செய்ய வேண்டுமே. இரண்டு கோடையில் சேர்த்த நார் பரண்மேல் சாக்குச் சாக்காக இருந்தது. இவர் தன் டிரில்லிங் மிஷினில் ஆணியை வளைத்துக் கொக்கியாக மாட்டினார். நாரை அதில் சிக்கவைத்து மிஷினை ஓட்டினால், நான் பின்னால் நடந்துகொண்டே நாரைச் சேர்க்கச் சேர்க்க, இழை முறுக்கேறிக்கொண்டு நீளும். சிறு இழைகளைச் சேர்த்துப் புரியாக்கி, மூன்று புரிகளை எதிர்த்திசையில் முறுக்கினால் கயிறு. ஆனால் அந்த நீளத்துக்கு வீட்டில் இடமில்லை. மார்கழி மாதக் காலையில் தெருவில் போட்டுத் திரித்தோம்.

எதிர்வீட்டில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா வெளியே வந்தார். வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது.

“இன்னாண்ணே இது, பூசணிப் பூவு மேலயே வந்து நிக்கிற! காலையில ஒக்காந்து போட்ட கோலம்!”

கோலத்தைக் காப்பாற்றக் கயிற்றின் நுனியைத் தானே தூக்கிப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. மிஷின் சுற்றும்போது இழை கையில் துடிப்பது அவருக்குப் பிடித்துவிட்டது. “ஏய், இங்க வந்து புடிச்சிப் பாருடி, மீன் மாட்டன மாதிரி துள்ளுது!” என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். அவள் தன் ஓரகத்தியைக் கூப்பிட்டாள். பொங்கல் வருவதற்குள் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேர் கையும் அந்தக் கயிற்றில் பட்டுவிட்டது. மணிக்கட்டுப் பருமனில், வெண்ணெய் நிறத்தில், மலைப்பாம்பு மாதிரி சுருண்டு எங்கள் கூடத்தில் கிடந்தது கயிறு.

அதை வாங்கிப் போக மன்றத்துத் தலைவராக இருக்கும் தம்பி வந்தபோது தையல்காரம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

“கயிறு நாங்க திரிச்சது. நாங்கதான் இழுப்போம்.”

“அக்கா, லேடிஸுக்குக் கோலப்போட்டி இருக்குது, மியூசிக்கல் சேர் இருக்குது, ஸ்பூன்ல எலுமிச்சம்பழம்...”

“ஸ்பூன நீயே வாயில வச்சிக்க தம்பி.”

“சரி, யாரு கூட இழுப்பீங்க? எதிர் டீம் வேணுமில்ல?”

“எங்கூட்டுக்காரங்க இன்னாத்துக்கு இருக்காங்க?”

காணும் பொங்கலன்று ஏரிக்கரை மேட்டுக்குக் கீழே ஊரே கூடியது. அந்தப் பக்கம் புருஷன்மார்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏற்கனவே ஜெயித்துவிட்ட மாதிரி நின்றார்கள். முன்னால் இவர். இந்தப் பக்கம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாங்கள். முன்னால் நான். அத்தை வேடிக்கை பார்க்க பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முதல் ஆட்டம் விசில் சத்தம் அடங்குவதற்குள் முடிந்துபோனது. நான் குப்புற விழுந்து, இவர் காலடியில் போய்ச் சேர்ந்தேன். “இன்னாடி, ஆசீர்வாதம் வாங்க வந்தியா?” என்றார். சுற்றி நின்ற ஆண்கள் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

அப்போதுதான் அத்தை நாற்காலியிலிருந்து எழுந்தார். மூட்டுவலிக்காரர், மெல்ல மெல்ல நடந்து எங்கள் வரிசையின் கடைசிக்குப் போய், கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒக்காரக் கூடாது பெரியம்மா!” என்று தம்பி ஓடிவந்தார்.

“எங்க எழுதி வச்சிருக்குது? நானே நெனச்சாலும் என்னால எந்திரிக்க முடியல. இவனுங்க எப்படி என்ன இழுக்கறானுங்கன்னு பாக்கறேன்.”

மெய்தான். அவர்களால் இழுக்க முடியவில்லை. தையல்காரம்மா மிஷின் மிதிக்கிற தாளத்தில் “இழு... வுடாத... இழு... வுடாத” என்று சொல்லச் சொல்ல, நாங்கள் ஒரே மூச்சாகச் சாய்ந்தோம். கோடு எங்கள் பக்கம் நகர்ந்தது. இரண்டாவது ஆட்டம் எங்களுக்கு.

மூன்றாவதில் இரண்டு பக்கமும் அசையவில்லை. கயிறு விறைத்து நின்று முனகியது. கூட்டத்தின் சத்தம் அடங்கிவிட்டது. எல்லோரும் போன பொங்கலை நினைத்திருப்பார்கள். இவர் என்னைப் பார்க்கவில்லை. கயிற்றின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் போயே போய்விட்டது. அறுந்துவிடாதே, அறுந்துவிடாதே என்று மட்டும்தான் மனசுக்குள் ஓடியது.

அறுந்துவிடவில்லை. முனகல்கூட நின்று, கயிறு இரும்புக் கம்பி மாதிரி ஆனது. அந்த அமைதியில் பின்னாலிருந்து அத்தையின் குரல் இடி மாதிரி வந்தது.

“டேய்! கயித்த வுட்றா!”

இவர் விட்டுவிட்டார். இரண்டு கையையும், குழம்புச் சட்டியைத் தொட்டுவிட்ட பிள்ளை மாதிரி. பின்னாலிருந்தவர் இவர்மேல் மோதி, அவர்மேல் அடுத்தவர் மோதி, புருஷன்மார்கள் வரிசை மொத்தமாகச் சரிந்தது. நாங்கள் பின்னால் ஒருத்திமேல் ஒருத்தியாக விழுந்தோம். அடியில் கிடந்த அத்தை, “எந்திரிங்கடி, ஜெயிச்சிட்டோம், எந்திரிங்க!” என்று கத்தினார்.

“யோவ், அம்மா சொன்னா வுட்டுருவியா நீ?” என்று ஆண்கள் இவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

“நா எங்கபா வுட்டேன்? கைதான் வுட்டுடிச்சி. சின்ன வயசுலருந்து பழக்கம்!”

செல்லாது என்றார்கள். செல்லும் என்றோம். தம்பி தலையைச் சொறிந்துவிட்டு, விழுந்தது யார் என்று பார்த்தால் இரண்டு பக்கமும்தான், ஆனால் கயிறு யார் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். கயிறு அத்தை கையில் இருந்தது. தீர்ப்பு சொல்லப்பட்டது. ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கிக்கொண்டு, தெருவரை தட்டிக்கொண்டே போனார்கள் பெண்கள்.

கூட்டம் கலைந்த பிறகு நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். கயிற்றை நீளமாகப் போட்டு, அவர் ஒரு முனையிலிருந்தும் நான் ஒரு முனையிலிருந்தும் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தோம். ஒரு இழைகூடப் பிரியவில்லை. நடுவில் வந்து சந்தித்தோம். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன், சிவந்திருந்தது, உரியவில்லை. அவர் கயிற்றை மூக்கருகே கொண்டுபோனார்.

“எருக்கு வாசனையே போயிடிச்சிடி. நம்ம ஊரு ஆளுங்க வேர்வ வாசனதான் வருது.”

பிறகு கயிற்றைச் சுருட்டி, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.

அடுத்த வாரம் வில்லியனூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு நானும் அத்தையும் பஸ்ஸில் போனோம். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், கயிற்றைச் சுற்றிப் பிடித்ததில் சுளுக்கிய அத்தையின் கையில் கட்டியிருந்த மருந்துத் துணியைப் பார்த்து, “இன்னா பெரியம்மா, வுழுந்துட்டியா?” என்று கேட்டார். அதுதான் அவர் செய்த தப்பு. அத்தை ஆரம்பித்துவிட்டார். கொல்லையிலிருந்து, கிடாவிலிருந்து, மீசையிலிருந்து. கயிறு இழுக்கும் இடம் வந்தபோது, முன்சீட்டுக் கம்பியைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். முன்சீட்டுக்காரர்கள் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். நின்றுகொண்டிருந்தவர்கள் கிட்டே வந்தார்கள். “கயித்த வுட்றா!” என்று அத்தை போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் கம்பியில் சாய்ந்து, வாயிலிருந்த விசிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

இறங்க வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டிருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, உச்சி வெயிலில் திரும்பி நடந்தோம். அத்தைக்கு அலுப்பே தெரியவில்லை.

“ஏண்டி, நீ குப்புற வுழுந்தத சொல்ல மறந்துட்டேனே,” என்று வழியெல்லாம் வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.